எந்தக் கடையில் வாங்குவது என்று யார் சொல்வது?

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் செராஸ் வானத்தில் இரைச்சல் கூடிவிடும். தேசிய தின அணிவகுப்புக்கான ஒத்திகை. அடுக்குமாடி ஐந்தடியில் பிள்ளைகள் கூடி நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். ஹெலிகாப்டர்கள் போகும், சின்ன விமானங்கள் போகும். பிறகு சன்னல் கண்ணாடி அதிர, இரட்டை வாலோடு ஒரு பெரிய போர் விமானம் கடந்து போகும். அதுதான் சுகோய். அரச மலேசிய ஆகாயப்படையின் சுகோய் சூ-30 எம்கேஎம்.

அது ரஷ்யத் தயாரிப்பு. பணம் கொடுத்தது நாம், ஓட்டுவது நம் விமானிகள், நிற்பது நம் மண்ணில். ஆனால் அதுபோல் இன்னொன்று வாங்க வேண்டுமானால், நம் அரசாங்கம் மாஸ்கோவை மட்டும் பார்த்தால் போதாது. வாஷிங்டனில் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தையும் ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும்.

வானொலியில் செய்தி சொல்லும்போது "பொருளாதாரத் தடை" என்ற சொல்லை நான் இரண்டு வினாடியில் கடந்துவிடுவேன். அடுத்து போக்குவரத்து நிலவரம், அடுத்து பாட்டு. ஒருநாள் காஜாங்கிலிருந்து ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். "தம்பி, சண்டை அமெரிக்காக்காரனுக்கும் ரஷ்யாக்காரனுக்கும். நடுவுல நாம ஏன் கணக்குப் பார்க்கணும்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பத்து வினாடியில் பதில் சொல்ல முடியாத கேள்வி. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

அந்தச் சட்டத்தின் பெயர் கொஞ்சம் நீளம். 'பொருளாதாரத் தடைகள் வழி அமெரிக்காவின் எதிரிகளை எதிர்கொள்ளும் சட்டம்'. சுருக்கமாக 'காட்சா' என்பார்கள். ஈரான், வட கொரியா, ரஷ்யா ஆகிய மூன்று நாடுகள் குறி. 2017-இல் அமெரிக்க மக்களவையில் 419 பேர் ஆதரித்தார்கள். 3 பேர் மட்டுமே எதிர்த்தார்கள். மேலவையில் 98-க்கு 2. இவ்வளவு ஆதரவோடு வரும் மசோதாவை அதிபரால் நிறுத்த முடியாது. அதில் குறைகள் இருக்கின்றன என்று சொல்லிக்கொண்டே டோனல்டு டிரம்ப் 2017 ஆகஸ்ட் 2-ஆம் தேதி கையெழுத்திட்டார்.

அதில் 231-ஆவது பிரிவுதான் நம் கதைக்கு முக்கியம். ரஷ்யாவின் தற்காப்பு, உளவுத் துறைகளோடு யார் 'குறிப்பிடத்தக்க' அளவில் கொடுக்கல் வாங்கல் செய்தாலும் அவர்கள்மீது தடை விதிக்கலாம் என்கிறது அது. கவனியுங்கள், "ரஷ்ய ஆயுதம் வாங்காதே" என்று அது நேராகச் சொல்லவில்லை. வேறொரு நாட்டுக்கு அப்படிச் சட்டம் போட அமெரிக்காவுக்கு அதிகாரம் இல்லை. "அவனிடம் வாங்கினால் என்னிடம் வராதே" என்றுதான் சொல்கிறது.

தாமானில் இரண்டு மளிகைக் கடைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெரிய கடைக்காரர், "எதிர்க்கடையில் அரிசி வாங்கினால் என் கடையில் உனக்குக் கடன் கிடையாது, என் லாரியில் உன் சாமான் ஏறாது, உன் வீட்டார் என் வாசல்படி மிதிக்கக் கூடாது" என்கிறார். எதிர்க்கடையை அவர் இழுத்து மூடவில்லை. ஆனால் ஊரில் பாதிப் பேர் அங்கே போக மாட்டார்கள்.

சட்டத்தில் இப்படி 12 வகைத் தண்டனைகள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. அமெரிக்க வங்கிக் கடனுக்குத் தடை, ஏற்றுமதி உரிமம் மறுப்பு, டாலர் பரிவர்த்தனைக்குத் தடை, சொத்து முடக்கம், அதிகாரிகளுக்கு விசா மறுப்பு என்று நீளும். அதிபர் குறைந்தது ஐந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'குறிப்பிடத்தக்க' கொடுக்கல் வாங்கல் என்றால் எவ்வளவு? சட்டத்தில் தொகை இல்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்து வாஷிங்டன் முடிவு செய்யும். வாங்குகிறவருக்கு அச்சம் தருவது இந்தத் தெளிவின்மைதான். எல்லைக்கோடு தெரிந்தால் அதற்கு இப்பால் நின்றுகொள்ளலாம். தெரியாவிட்டால் பத்தடி தள்ளித்தான் நிற்பார்கள்.

செம்பனைக்கு வந்த விமானம்

நாம் எப்படி ரஷ்ய விமானம் வாங்கினோம்? மலேசியா என்றுமே ஒரே கடையில் வாங்கும் வாடிக்கையாளர் அல்ல. 1995-இல் ரஷ்யாவிலிருந்து 18 மிக்-29 விமானங்கள் வந்தன. 1997-இல் அமெரிக்காவிலிருந்து 8 ஹோர்னெட் விமானங்கள் வந்தன. 2003-இல் துன் மகாதீர் பிரதமராக இருந்தபோது அதிபர் புட்டின் கோலாலம்பூர் வந்தார். அப்போது 18 சுகோய் விமானங்களுக்கு ஒப்பந்தம் ஆனது. விலை ஏறத்தாழ 900 மில்லியன் அமெரிக்க டாலர். அதில் ஒரு பகுதிக்கு ஈடாக நாம் கொடுக்க ஒப்புக்கொண்டது செம்பனை எண்ணெய்.

தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நிற்கலாம். அந்தக் குலைகளை வெட்டிய கைகளில் நம்மவர் கைகளும் உண்டு.

ஒப்பந்தத்தோடு ஒரு வெகுமதியும் வந்தது. 2007 அக்டோபர் 10-ஆம் தேதி ரஷ்யாவின் சோயூஸ் விண்கலத்தில் டாக்டர் ஷேக் முஸாபர் ஷுக்கோர் அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குப் போனாரே, அந்தப் பயணம் இந்தச் சுகோய் கொள்முதலோடு சேர்ந்து வந்ததுதான்.

நம்முடைய எம்கேஎம் வகை, இந்தியாவின் எம்கேஐ வகையிலிருந்து உருவானது. அதனால் 2008-இல் இந்திய ஆகாயப்படையின் பயிற்சிக் குழு ஒன்று நம் கோங் கெடாக் தளத்துக்கு வந்து நம் வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. அதே குடும்பத்து விமானம் இன்று தமிழ்நாட்டிலும் இருக்கிறது. 2020 ஜனவரி 20-ஆம் தேதி தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் சுகோய் விமானங்களுடன் 222-ஆவது படைப்பிரிவு தொடங்கப்பட்டது. சென்னையை அடுத்த ஆவடித் தொழிற்சாலையில் தயாராகும் டி-90 டாங்கிகளும் ரஷ்ய உரிமத்தில் உருவானவையே. ஆக, இந்தச் சட்டத்தின் நிழல் கிளந்தானிலும் விழுகிறது, தஞ்சாவூரிலும் விழுகிறது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நம் சுகோய்களின் எல்லாக் கோளாறுக்கும் காட்சா காரணமல்ல. 2018 ஜூலையில் அன்றைய தற்காப்பு அமைச்சர் முகமட் சாபு நாடாளுமன்றத்தில் ஓர் உண்மையைப் போட்டு உடைத்தார். 18 சுகோய்களில் பறக்கும் நிலையில் இருந்தவை நான்கே நான்கு. மற்றவை பழுதுபார்ப்பில் நின்றன. சட்டம் வந்து ஓராண்டுகூட நிறையாத நேரம் அது. பராமரிப்பு ஒப்பந்தங்களை நாம் எப்படிக் கையாண்டோம் என்ற கேள்விக்கு அமெரிக்காவைக் கைகாட்டித் தப்பிக்க முடியாது.

யாருக்கு அடி, யாருக்கு விலக்கு?

முதல் அடி சீனாவுக்கு. ரஷ்யாவிடமிருந்து சூ-35 விமானங்களும் எஸ்-400 ஏவுகணைத் தற்காப்புக்கான கருவிகளும் வாங்கியதற்காக, 2018 செப்டம்பரில் சீன ராணுவத்தின் கருவி மேம்பாட்டுத் துறைமீதும் அதன் தலைவர் லி ஷாங்ஃபூமீதும் தடை விழுந்தது. பிறகு அதே லி சீனாவின் தற்காப்பு அமைச்சரானார். 2023 ஜூனில் நம் பக்கத்து வீடான சிங்கப்பூரில் ஷங்ரி-லா மாநாடு நடந்தது. அமெரிக்கத் தற்காப்பு அமைச்சர் லாய்ட் ஆஸ்டின் தனியாகச் சந்தித்துப் பேச அழைத்தார். தடையோ விலகவில்லை, சீனா மறுத்துவிட்டது. இருவரும் கைகுலுக்கியதோடு சரி. தென்சீனக் கடலில் ஒரு சிறு பொறி பறந்தால் முதலில் புகை சூழப்போவது நம் கரை. அங்கே பேச வேண்டிய இருவருக்கு நடுவில் இந்தச் சட்டம் சுவராக நின்றது.

அடுத்தது துருக்கி. நேட்டோ கூட்டணியில் அமெரிக்காவின் தோழன். 2019 ஜூலையில் ரஷ்யாவின் எஸ்-400 வந்து இறங்கியதும், எஃப்-35 போர் விமானத் திட்டத்திலிருந்து துருக்கியை வெளியேற்றினார்கள். 2020 டிசம்பர் 14-ஆம் தேதி அதன் தற்காப்புக் கொள்முதல் அமைப்பின்மீது தடையும் வந்தது.

இந்தியா? 2018 அக்டோபர் 5-ஆம் தேதி புது டில்லியில் அதே எஸ்-400 வாங்க ஒப்பந்தம் போட்டது. ஐந்து தொகுதிகள், 5.43 பில்லியன் டாலர். 2021 டிசம்பரில் முதல் தொகுதி வரத் தொடங்கியது. துருக்கிக்கு விழுந்த அடி இந்தியாவுக்கு விழவில்லை. விலக்கு அளித்ததாக முறையான அறிவிப்பும் இல்லை, தண்டனையும் இல்லை. 2022 ஜூலையில் இந்திய வம்சாவளி உறுப்பினர் ரோ கன்னா கொண்டுவந்த, இந்தியாவுக்கு விலக்கு அளிக்க வலியுறுத்தும் திருத்தத்தை அமெரிக்க மக்களவை ஏற்றது. அது சட்டமாகவில்லை. ஆனால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதைக் காட்டியது. சீனாவுக்கு எதிர்ப்பாரமாக இந்தியா வேண்டும். அதனால் கண்டும் காணாமல் இருந்தார்கள். சட்டம் ஒன்றுதான், தராசுதான் வேறு.

நம் வட்டாரத்துக்கு வருவோம். இந்தோனேசியா 2018 பிப்ரவரியில் 11 சூ-35 விமானங்களுக்கு 1.14 பில்லியன் டாலரில் ஒப்பந்தம் போட்டது. அதில் பாதியைச் செம்பனை எண்ணெய், காப்பி, ரப்பர் போன்ற சரக்குகளாகக் கொடுப்பதாகப் பேச்சு. நம் பழைய வழிதான். ஆனால் விமானம் வரவேயில்லை. 2021 டிசம்பரில் இந்தோனேசிய ஆகாயப்படைத் தலைவரே அந்தத் திட்டத்தைக் கைவிட்டதாகச் சொன்னார். இரண்டு மாதத்தில் பிரான்சின் ரஃபேல் விமானங்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. பிலிப்பீன்ஸ் 2021-இல் 16 ரஷ்ய ஹெலிகாப்டர்களுக்கு 12.7 பில்லியன் பெசோவில் ஒப்பந்தம் செய்தது, முன்பணமும் கட்டியது. மறு ஆண்டு, தடைக்கு அஞ்சி விட்டுவிட்டது.

இந்த இரண்டு நாடுகள்மீதும் தடை எதுவும் விதிக்கப்படவில்லை. விதிக்க வேண்டிய தேவையே வரவில்லை. சட்டத்தின் உண்மையான வலிமை அதுதான். பிரம்பு சுவரில் தொங்கினாலே வகுப்பு அமைதியாகிவிடும் இல்லையா?

சட்டம் போட்டவருக்குப் பத்து ஆண்டு

இனி அதிகம் பேசப்படாத ஒரு சங்கதி. அமெரிக்காவே ரஷ்யக் கடையில் வாடிக்கையாளராக இருந்தது. தன் ராணுவச் செயற்கைக்கோள்களை விண்ணுக்கு அனுப்பிய அட்லஸ்-5 ராக்கெட்டின் முதல் கட்டத்தில் இருந்தது ஆர்டி-180 என்ற ரஷ்ய இயந்திரம். 2014-இல் ரஷ்யா கிரைமியாவைக் கைப்பற்றியதும், எதிரியின் இயந்திரத்தில் நம் உளவுக் கோள் பறப்பதா என்று அமெரிக்க நாடாளுமன்றம் கொதித்தது. அந்த ஆண்டு இறுதியிலேயே இறக்குமதியைக் கட்டுப்படுத்தும் விதி வந்தது.

ஆனால் உடனே நிறுத்த முடிந்ததா? முடியவில்லை. மாற்று இயந்திரம் தயாராக இல்லை. எனவே விதி தளர்த்தப்பட்டது. மேலும் 18 இயந்திரங்கள்வரை பயன்படுத்தலாம், 2022 முடியும்வரை வாங்கலாம் என்றார்கள். காட்சா சட்டத்திலேயே நாசாவின் விண்வெளிப் பணிகளுக்குத் தனி விலக்கும் எழுதிவைத்தார்கள். அட்லஸ்-5 கடைசியாக ஒரு ராணுவச் செயற்கைக்கோளைச் சுமந்து சென்றது 2024 ஜூலை 30-ஆம் தேதி. தடை பேசத் தொடங்கியதிலிருந்து கணக்குப் பார்த்தால் பத்து ஆண்டு.

இதில் நான் குற்றம் காணவில்லை. பழக்கப்பட்ட இயந்திரத்தை ஒரே நாளில் மாற்ற முடியாது என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். உலகின் மிகப் பெரிய பணக்கார நாட்டுக்கே பத்து ஆண்டு பிடித்தது என்றால், செம்பனையைக் கொடுத்து விமானம் வாங்கிய நாட்டுக்கு எத்தனை ஆண்டு கொடுக்க வேண்டும்? காஜாங் ஐயாவின் கேள்விக்கு அடியில் இருக்கும் நியாயம் இதுதான்.

மறக்கக் கூடாத 43 பேர்

இத்தனையும் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, பெரியண்ணன் அடாவடி" என்று முடித்துக்கொள்வது சுலபம். என்னால் அப்படி முடிக்க முடியவில்லை. காரணம், 2014 ஜூலை 17.

அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்குப் பறந்த எம்எச்17 விமானம் கிழக்கு உக்ரேன் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டது. 298 உயிர்கள். அவர்களில் 43 பேர் மலேசியர்கள். அதில் 15 பேர் விமானப் பணியாளர்கள். வீழ்த்தியது புக் வகை ஏவுகணை. அது ரஷ்ய ராணுவத்தின் ஒரு படைப்பிரிவுக்குச் சொந்தமானது என்று, மலேசியாவும் இடம்பெற்ற கூட்டுப் புலனாய்வுக் குழு கண்டறிந்தது. 2022 நவம்பரில் நெதர்லாந்து நீதிமன்றம் மூன்று பேரைக் குற்றவாளிகள் என அறிவித்தது. ஒருவரும் நீதிமன்றத்தில் நேர்நிற்கவில்லை. ரஷ்யா இன்றுவரை பொறுப்பை மறுக்கிறது.

ஒரு நாட்டின் ஆயுத வியாபாரத்தை நெருக்கினால், அதன் போர் வெறிக்குப் போகும் பணம் குறையும் என்பது காட்சாவின் பின்னால் இருக்கும் வாதம். 43 உயிர்களைப் பறிகொடுத்த நாட்டில் நின்றுகொண்டு அந்த வாதத்தைத் தூக்கி எறிய முடியுமா? முடியாது. அந்தக் கணக்கு ஓரளவு பலித்தும் இருக்கிறது. இந்தியாவின் ஆயுத இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு 2009–13-இல் 76 விழுக்காடு. 2019–23-இல் அது 36 விழுக்காடு என்கிறது ஸ்டாக்ஹோமில் உள்ள சிப்ரி ஆய்வு நிலையம். அதற்குச் சட்டம் மட்டுமே காரணமல்ல. உள்நாட்டுத் தயாரிப்பு, பிரான்ஸ், இஸ்ரேல் போன்ற வேறு விற்பனையாளர்கள், உக்ரேன் போரால் வந்த தாமதம் எல்லாம் சேர்ந்தவை.

ஆகவே என் மனத்தில் இரண்டும் இருக்கின்றன. ரஷ்யாவுக்குக் கணக்குக் கேட்க வேண்டும் என்பதும் உண்மை. அந்தக் கணக்கை ஒரு வல்லரசு தனியாக எழுதி, தோழனுக்கு ஒரு விலை, தேவைப்பட்டவனுக்கு ஒரு விலை என்று நீட்டுவது நியாயமாகாது என்பதும் உண்மை. ஐக்கிய நாட்டுப் பாதுகாப்பு மன்றத்தின் தடைகளை மட்டுமே ஏற்போம், ஒரு நாடு தன் விருப்பத்துக்கு விதிப்பதை ஏற்க மாட்டோம் என்பது மலேசியாவின் நெடுநாள் நிலைப்பாடு. கேட்க நிமிர்வாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதுகாப்பு மன்றத்தில் ரஷ்யாவின் கையிலேயே வீட்டோ இருக்கிறது. எம்எச்17-க்காக அனைத்துலக நீதிமன்றம் அமைக்க 2015-இல் மலேசியா கொண்டுபோன தீர்மானத்தை ரஷ்யா அந்த வீட்டோவால்தான் வீழ்த்தியது. அந்தக் கதவு மூடியிருக்கும்வரை, பெரிய நாடுகள் தங்கள் தங்கள் சட்டப் புத்தகத்தைத்தான் திறக்கும்.

சருகுமான் பிழைக்கும் வழி

யானையும் யானையும் மோதினால் நடுவில் சருகுமான் சாகும் என்பது மலாய்ப் பழமொழி. அதே மலாய்க் கதைகளில் சருகுமான்தான் சமயோசிதத்தால் தப்பிக்கும் பிராணியும்கூட.

மலேசியா இப்போது கடைகளை மாற்றிக்கொண்டிருக்கிறது. 2023 மே மாதம் லங்காவி லீமா கண்காட்சியில் தென்கொரியாவின் 18 எஃப்ஏ-50 விமானங்களுக்கு 920 மில்லியன் டாலரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. கடற்படைக்கு நான்கு கப்பல்கள் சீனாவிடமிருந்து வந்தன. அடுத்து மூன்றுக்குத் துருக்கியோடு ஒப்பந்தம். பல கடை நல்லதுதான். ஆனால் கடைப் பலகையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. எஃப்ஏ-50 கொரிய விமானம், அதன் இயந்திரம் அமெரிக்கத் தொழில்நுட்பம். அமெரிக்க ஹோர்னெட் விமானங்களின் மென்பொருள் ரகசியம் நம் கையில் தரப்படவில்லை என்று துன் மகாதீர் பலமுறை குறைப்பட்டிருக்கிறார். ரஷ்யக் கயிறு ஒரு பக்கம் என்றால் அமெரிக்கக் கயிறு மறு பக்கம். கயிறே இல்லாத ஆயுதம் கடையில் விற்பதில்லை.

கார் வாங்குகிறவர் முதலில் என்ன கேட்பார்? விலை, அடுத்த கேள்வி "ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்குமா?" இந்தக் கேள்வியை நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஒவ்வொரு ராணுவக் கொள்முதலிலும் கேட்க வேண்டும். முப்பது ஆண்டு ஓடும் விமானத்துக்கு உதிரிபாகம் எங்கிருந்து வரும், எந்த நாட்டுச் சட்டம் அதை நிறுத்தலாம், நிறுத்தினால் உள்நாட்டில் செய்துகொள்ளும் திறமை இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பொதுவில் பதில் வர வேண்டும். கேட்டால் பலன் உண்டு என்பதற்கு அத்தாட்சியும் இருக்கிறது. கடலோரப் போர்க் கப்பல் திட்டத்துக்கு 6 பில்லியன் ரிங்கிட் கொடுத்தும் ஒரு கப்பல்கூட ஒப்படைக்கப்படவில்லை என்பதை 2022-இல் ஊருக்குச் சொன்னது நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுதான். அந்தக் கப்பலை எந்த வல்லரசும் தடுக்கவில்லை. நாமேதான் கோட்டை விட்டோம்.

இன்னொன்று ஆசியான். இந்தோனேசியா தனியாகப் பின்வாங்கியது, பிலிப்பீன்ஸ் தனியாகப் பின்வாங்கியது. வியட்நாமிடமும் ரஷ்ய ஆயுதம் ஏராளம். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து, "ஏற்கெனவே வாங்கியதைப் பராமரிக்க எங்களுக்கு இத்தனை ஆண்டு வேண்டும், நீங்கள் உங்களுக்கு எடுத்துக்கொண்டதுபோல" என்று கேட்டால், அதைப் பிச்சை என்று யாரும் சொல்ல முடியாது. அது முறையான கோரிக்கை.

காஜாங் ஐயாவுக்கு என் பதில் இதுதான். சண்டை அவர்களுடையதுதான் ஐயா. ஆனால் அவர்கள் விற்ற சாமான் நம் வீட்டில் இருக்கிறது, அதற்கான பணம் நம் பையிலிருந்து போகிறது. அதனால் கணக்கும் நாம் பார்த்தே ஆக வேண்டும். அடுத்த பொதுத் தேர்தலில் உங்கள் வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் சாலைக் குழியைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். இதையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.